ராணி எறும்பு முட்டை வைத்தாச்சு, அடுத்து என்ன?

மழை விட்ட சாயங்காலம் தெருவிளக்கடியில் ஒரு பெரிய கட்டெறும்பைப் பிடித்து டப்பாவில் போட்டுவிட்டு, இனி என்ன செய்வது என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் கிடைக்கும் கறுப்புக் கட்டெறும்பைத்தான் நான் வளர்க்கிறேன், மற்ற வகைகளுக்குக் கொஞ்சம் மாறலாம்.

முதலில், பிடித்தது ஈசல் இல்லையே? ஈசல் கறையான் இனம், இடுப்பே இருக்காது, உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். எறும்பு ராணிக்கு இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். நெஞ்சுப் பகுதி மட்டும் புடைத்திருக்கும், பறக்கும் தசை அங்கேதான் இருக்கிறது.

சரி, வீடு. ஒரு டெஸ்ட் டியூப் போதும், பெரியாஸ்பத்திரிப் பக்கம் சர்ஜிகல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தண்ணீரைத் தொடும்படி பஞ்சை இறுக்கமாக அடைத்து, ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் லேசாக மூடுங்கள். மேலே கறுப்புத் துணி சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். மொட்டை மாடி அறை வேண்டாம், சித்திரை வெக்கையில் வெந்துவிடும். ஃபிரிட்ஜ் மேலேயும் வேண்டாம், அதிர்வு ஆகாது.

இப்போது கஷ்டமான வேலை: சும்மா இருப்பது. இந்த ராணிக்குச் சாப்பாடே தேவையில்லை. சிறகை உதிர்த்தபின் அந்தப் பறக்கும் தசையையும் உடம்பில் சேர்த்த கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் புழுக்களுக்கு ஊட்டுவாள். நான் முதல் தடவை பாவம் பட்டினி கிடக்கிறாளே என்று தினமும் திறந்து தேன் வைத்தேன், பதற்றத்தில் அவள் முட்டைகளையே தின்றுவிட்டாள். வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் ஒரு நிமிஷம் பாருங்கள். முட்டை புழுவாகி, கூடு கட்டி, முதல் வேலைக்காரி வெளியே வர நம்ம ஊர்ச் சூட்டில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும்.

முதல் நான்கைந்து பேர் சின்னதாக, வெளிறிப்போய் இருப்பார்கள். அப்புறம்தான் சாப்பாடு. ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு மூன்று ஸ்பூன் தண்ணீர் கலந்து, குண்டூசித் தலையளவு பஞ்சை அதில் நனைத்து டியூப் வாயருகே வையுங்கள். சொட்டாக விட்டால் இந்தப் பொடிசுகள் அதில் மூழ்கிச் செத்துப்போகும். வயிறு நிறையக் குடித்தவளைப் பார்த்தால் உடனே தெரியும், கறுப்பு வளையங்கள் விலகி நடுவில் வெளிர் கோடுகள் தெரியும். அவள் உள்ளே போய் மற்றவர்களுக்கும் ராணிக்கும் வாயோடு வாய் வைத்துக் கொடுப்பாள். கோடு மறைந்தால் அடுத்த வேளை, சுமார் மூன்று நாளுக்கு ஒருமுறை.

வளரும் புழுக்களுக்குச் சர்க்கரை போதாது, புரதம் வேண்டும். இதற்கு என் பரிந்துரை கொசு மட்டையில் அடித்த கொசு. விஷம் கிடையாது, அளவும் சரி, மதுரையில் தட்டுப்பாடும் இல்லை. வாரத்துக்கு இரண்டு கொடுத்தால் போதும், இழுத்துப் போய்ப் புழுக்களின் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். கெட்டியானதைத் தின்னப் புழுக்களால்தான் முடியும், பெரியவர்களுக்குத் திரவம் மட்டுமே. கரப்பான் கொடுப்பதென்றால் மருந்தடிக்காத இடத்தில் பிடித்ததாக இருக்கட்டும், கொதிநீரில் போட்டெடுத்து ஒரு கால் மட்டும் கொடுங்கள். மிஞ்சியதை மறுநாளே குறட்டால் எடுத்துவிடுங்கள், பூசணம் பிடிக்கும்.

கொசு என்றதும் இன்னொன்று. ஏழு பேர் இருந்த என் இரண்டாவது கூட்டம் ஒரே ராத்திரியில் போனது, அதே அறையில் கொசுவிரட்டி லிக்விடைச் செருகிவிட்டுத் தூங்கியிருக்கிறேன். காலையில் ராணி உட்பட எல்லாரும் காலை மடக்கிக் கிடந்தார்கள். சுருள், லிக்விட், எறும்பு சாக்பீஸ் எதுவும் அந்த அறையில் கூடாது.

சர்க்கரை வாசத்துக்கு வீட்டிலுள்ள சிற்றெறும்புகள் படையெடுக்கும், உள்ளே புகுந்தால் உங்கள் ராணி பிழைக்க மாட்டாள். அப்பத்தா பலகார டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைப்பாரே, அதே வேலைதான், டியூபை ஒரு டப்பாவில் போட்டு அப்படி வையுங்கள்.

பெரிய கூட்டுக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். இருபத்தைந்து, முப்பது பேர் சேரும்வரை டியூபே அரண்மனை. நடுவில் தண்ணீர் தீர்ந்தாலோ பஞ்சு கறுத்தாலோ புது டியூபை வாயோடு வாய் ஒட்டி, புதியதை இருட்டாக்கி, பழையதன் துணியை எடுத்துவிடுங்கள், தட்டிக் கொட்ட வேண்டாம். என் கூட்டம் அப்படி மாற மூன்று நாள் எடுத்துக்கொண்டது, ராணிதான் கடைசியில் போனாள்.