ஜெர்மனியில் படிப்பு முடிகிறதா? வேலை தேடலை இப்போதே தொடங்குங்கள்

தீசிஸைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேலை தேடலாம் என்று இருந்தேன். கெம்னிட்ஸில் மெக்கானிக்கல் முதுகலை படித்த எனக்கு அந்த நிம்மதிதான் வினையானது. ரிசல்ட் வந்ததும் வேலை தேடுவதற்கான விசா கிடைத்தது. அது அதிகபட்சம் 18 மாதம்தான், நீட்டிக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். நான் ஒரு வேர்ஹவுஸில் பார்சல் கட்டினேன். ஆனால் மாணவர் பதிவு முடிந்ததும் மருத்துவ இன்ஷூரன்ஸில் மாணவர் சலுகையும் போய்விடும். மாதாமாதம் கையைக் கடித்தது.

அதனால் கடைசி செமஸ்டருக்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் கேரியர் சர்வீஸில் நேரம் வாங்குங்கள். காசு கேட்க மாட்டார்கள். நான் தாமதமாகத்தான் போனேன். அங்கே இருந்த அம்மா என் பயோடேட்டாவைப் பார்த்ததும் பென்சிலை எடுத்துவிட்டார். அப்பா பெயர், மதம் இரண்டையும் அடித்தார். கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்ற வரிக்கு வந்ததும், "யாராவது சந்தேகப்பட்டார்களா?" என்று கேட்டார். அதையும் அடித்துவிட்டு, அதே இடத்தில் ஊர், தேதி, கையெழுத்து போடச் சொன்னார். அது இவர்கள் ஊர் பழக்கமாம்!

அப்புறம் விரலை ஒரு இடத்தில் வைத்தார். "இந்த ஏழு மாதம் எங்கே போனது?" பி.இ. முடித்துவிட்டு சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன். வேலையில்லாத காலம்தானே என்று அதை எழுதவே இல்லை. "இதுதான் முதலில் தெரிய வேண்டும்" என்றார். இங்கே இடைவெளியை விடாமல் கேட்பார்கள். மொழி படித்தேன், அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், எதுவானாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வெர்க்ஸ்டூடன்ட் வேலையை, அதாவது படித்துக்கொண்டே செய்யும் பகுதிநேர வேலையை, தவறவிடாதீர்கள். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை, படிப்புக்கு ஏற்ற துறையிலேயே கிடைக்கும். மாணவராகப் பதிவில் இருக்கும்வரைதான் இந்த வாய்ப்பு. என் வகுப்பில் சீக்கிரம் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இந்த வழியில் உள்ளே போனவர்கள்.

அகென்டூர் ஃபியூர் ஆர்பைட் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்துகொள்ளுங்கள், ஆலோசனை இலவசம். அதையும் ஜாப்சென்டரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜாப்சென்டர் பிழைப்புக்கு உதவித்தொகை தரும் இடம். அங்கே கை நீட்டினால் விசாவுக்கே சிக்கல் வரலாம்.

விளம்பரங்களில் பதவிப் பெயரை ஒட்டி "எம்/வே/டே" என்று இருக்கும். ஏதோ டிப்ளமா போலிருக்கிறது என்று முதல் வாரம் முழுக்க அந்த விளம்பரங்களைத் தாண்டிப் போனேன். ஆண், பெண், மற்ற பாலினத்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வேலை கிடைத்தால், கையெழுத்துப் போடுமுன் சம்பளத்தைப் பாருங்கள். ப்ளூ கார்டு என்ற, நல்ல சம்பளம் வாங்கும் பட்டதாரிகளுக்கான வேலை விசாவுக்கு 2025-இல் ஆண்டுக்கு 48,300 யூரோ வேண்டியிருந்தது. பட்டம் வாங்கி மூன்று ஆண்டுக்குள் என்றால் சுமார் 43,760 போதுமாக இருந்தது. இந்தத் தொகை வருடத்துக்கு வருடம் மாறும். சம்பளம் அந்தந்த ஆண்டுத் தொகைக்குக் கீழே என்றால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை விசா இருக்கிறது. எனக்குக் கிடைத்ததும் அதுதான்.