ஓரத்தை வெட்டாதீர்கள்: பழைய வாக்காளர் பதிவு போஸ்டரின் காலம் கணிப்பதும் காப்பதும்

பழைய போஸ்டரை ஃபிரேம் போடக் கொடுத்தால், கிழிந்து மடங்கிய ஓரத்தை ஸ்கேல் வைத்து நேராக வெட்டிவிட்டுத்தான் பல கடைகளில் வேலையைத் தொடங்குவார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லும் போஸ்டருக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. அச்சகத்தின் பெயர், ஊர், வேலை எண், சில சமயம் எத்தனை பிரதி என்ற கணக்கு என எல்லாம் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் போட்டே ஆக வேண்டும் என்ற 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வரி அது. மத்திய அரசின் விளம்பரத் துறை வெளியிட்டதென்றால் டிஏவிபி என்ற எழுத்துகளும் அங்கேதான் இருக்கும். அந்தத் துறை அந்தப் பெயரில் தனியாக இயங்கத் தொடங்கியது 1955-இல். ஆகவே போஸ்டர் கைக்கு வந்ததும் அந்த வரியைப் படம் எடுத்து வையுங்கள். துடைப்பதும் ஒட்டுவதும் அதற்குப் பிறகு.

சென்னையில் தேட இடங்கள் உண்டு. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு கடைகள் போய்ச் சேர்ந்த சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகம், திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைப் புத்தகக் கடைகள், பழைய பேப்பர் கடைகள். சுவரில் ஏறிய போஸ்டர் மைதாப் பசையோடும் மழையோடும் போய்விடும். மிஞ்சியவை பெரும்பாலும் ஒட்டாமல் கட்டோடு கிடந்தவை, அல்லது புத்தகத்துக்கு அட்டை போடப் பயன்பட்டவை. அதனால் பழைய புத்தகம் வாங்கும்போது அட்டையின் உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

காலம் கணிப்பது

முதலில் தேட வேண்டியது தகுதி நாள். "1-1-19.. அன்று 21 வயது நிரம்பியவர்கள்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது: அந்த ஆண்டை ஒட்டித்தான் அச்சடித்திருப்பார்கள். ஆண்டு இல்லாமல் 21 வயது என்று மட்டும் இருந்தால் 1989-க்கு முந்தையது. அரசியலமைப்பின் 61-வது திருத்தம் 1989 மார்ச் 28-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் வாக்குரிமை வயது 18 ஆனது. வயதைவிட வரி கட்டியதையும் சொத்தையும் தகுதியாகச் சொன்னால் அது சுதந்திரத்துக்கு முந்தைய மாகாணத் தேர்தல் காலத்துச் சரக்கு. அபூர்வம், கிடைத்தால் வீட்டில் சோதனை எதுவும் செய்யாதீர்கள். நான்கு தகுதி நாள்களைச் சொல்வது 2022-க்குப் பிந்தையது, அதில் பழமை எதுவும் இல்லை.

"படிவம் 6" என்ற சொல் 1960-ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளில் வருவது. புகைப்பட அடையாள அட்டை 1993-க்குப் பிறகு. ஜனவரி 25-ஐ தேசிய வாக்காளர் தினமாகச் சொன்னால் 2011 அல்லது அதற்குப் பின்.

படத்தையும் பாருங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம் என்று வரிசையாக வரைந்திருந்தால் 1952 அல்லது 1957 தேர்தல் காலம். அப்போது சீட்டில் முத்திரை குத்துவதில்லை, பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள். 1962 பொதுத்தேர்தலில் முத்திரை குத்தும் முறை பரவலானது. பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிப் பதிய வேண்டும் என்று வற்புறுத்தும் வாசகம் கிடைத்தால் அந்த போஸ்டரைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியலில் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று மட்டும் சொன்ன ஏறத்தாழ 28 லட்சம் பெண்களை நீக்க வேண்டி வந்தது. பெரும்பாலும் வட மாநிலங்களில்தான் என்றாலும், அந்த வாசகத்தின் பின்னால் இருப்பது அந்த இழப்பு.

தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் சாட்சி, சொற்கள். ஜாபிதா, அபேட்சகர், சர்க்கார், ராஜ்யம் என்ற சொற்கள் கூட்டமாக வந்தால் 1950-களோ அதற்கு முன்போ என்று தொடங்கலாம். பட்டியல், வேட்பாளர், அரசு, மாநிலம் என்றால் பிந்தையது. 1967-இல் ஆட்சி மாறியபோது அரசுத் தாள்களில் ஸ்ரீ போய்த் திரு வந்தது. ஒற்றைச் சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழக்கம் விடாத எழுத்தர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள்.

எழுத்து வடிவம் இன்னும் உறுதியானது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை போன்ற கொம்போடு வரும்; ணா, றா, னா மூன்றும் சுழித்து ஒரே எழுத்தாக வரும். அரசு போஸ்டரில் புதிய வடிவம் இருந்தால் 1978-க்குப் பின். பழைய வடிவம் இருந்தால் முன் என்று சொல்லிவிட முடியாது. கையிருப்பு ஈய எழுத்துகளைத் தேயும்வரை ஓட்டிய அச்சகங்கள் ஏராளம். மறுபுறம், பெரியாரின் ஏடுகள் 1935-இலேயே புதிய வடிவத்துக்குப் போய்விட்டதால், தனியார் வெளியிட்ட போஸ்டரில் புதிய எழுத்து மட்டும் சான்றாகாது.

முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். "சென்னை-2" என்று ஓரிரு இலக்கம் மட்டும் இருப்பது பழையதாக இருக்கலாம், ஆனால் இன்றும் அப்படி எழுதுகிறோம். ஆங்கில வரியில் மெட்ராஸ் என்று இருந்தால் 1996-க்கு முன். தமிழில் அன்றும் இன்றும் சென்னைதான் என்பதால் அங்கே துப்புக் கிடைக்காது.

மறுபதிப்பா என்று பார்க்க மூன்று சோதனை போதும். அளவு: அன்றைய தாள் டபுள் கிரவுன் என்றால் 20×30 அங்குலம், டபுள் டெமி என்றால் சுமார் 23×36 அங்குலம், அல்லது அவற்றின் பாதி. துல்லியமாக 42×59.4 செ.மீ. வந்தால் ஏ2 தாள், சந்தேகப்படுங்கள். 10 மடங்கு லென்ஸ்: ஈய எழுத்தில் விளிம்பில் மை பிதுங்கிய கோடும் பின்புறம் அழுத்தத் தடமும் தெரியும், ஆஃப்செட்டில் ஒழுங்கான புள்ளிக் கட்டம், இங்க்ஜெட்டில் சிதறிய புள்ளிகள். மூன்றாவது 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்: 1950-களுக்கு முந்தைய தாள் மங்கலாகவே இருக்கும். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாளில் வெளுப்பூட்டி இருக்கிறது.

சுத்தம் செய்வதும் ஒட்டுவதும்

சுருண்டு கிடப்பதை இழுத்து விரிக்காதீர்கள். மரக்கூழ்த் தாள் அமிலத்தால் முறுகிப் போயிருக்கும், மடிப்பில் ஒடியும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரப் பஞ்சு, அதன் மேல் கம்பித் தட்டு, தட்டின் மேல் போஸ்டர். 2 முதல் 4 மணி நேரம் மூடிவைத்தால் தாள் தளரும். அரை மணிக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். மூடியில் நீர் முத்துக் கட்டினால் துடைத்துவிடுங்கள், சொட்டு விழுந்தால் கறை. பிறகு இரண்டு பிளாட்டிங் பேப்பருக்கு நடுவே வைத்து மேலே கண்ணாடி, அதன் மேல் கனமான புத்தகங்கள். பிளாட்டிங் பேப்பரை முதல் நாளில் இரு முறை மாற்றி, 48 மணி நேரம் விடுங்கள். பூஞ்சைப் பொட்டு தெரியும் போஸ்டருக்கு இந்த ஈர வேலையே கூடாது.

தூசியை மென்மையான பிரஷால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். ஒட்டிய அழுக்குக்கு வெள்ளை வினைல் ரப்பரைத் துருவி, அந்தத் தூளை விரல் நுனியால் வட்டமாக உருட்டி, தட்டிவிட வேண்டும். பென்சில் குறிப்பு, ரப்பர் ஸ்டாம்ப், தேதி முத்திரை உள்ள இடங்களை விட்டுவிடுங்கள், அவையும் சாட்சி. ஈரம் படும் எந்த வேலைக்கும் முன் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர் வைத்து, ஒரு நிமிடம் கழித்து பிளாட்டிங் பேப்பரால் ஒற்றுங்கள். ஸ்டாம்ப் மையும் ரோஸ், ஊதா நிறங்களும்தான் பெரும்பாலும் கசியும்.

கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம். அதன் பிசின் சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு வராது. பைண்டிங் கடையின் மைதாப் பசையும் வேண்டாம்: பூச்சிக்காக அதில் போடும் மயில்துத்தத்தின் செம்பு தாளை மேலும் சிதைக்கும். தேவை, கோதுமை மாச்சத்துப் பசை. மாச்சத்து தனியாகக் கிடைக்காவிட்டால் அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பதுபோல எடுங்கள்: மாவைப் பிசைந்து ஊறவைத்து, நீரில் கசக்கி, சவ்வை நீக்கி, அடியில் படிந்ததை உலர்த்துங்கள். 25 கிராமுக்கு 125 மி.லி. காய்ச்சி வடித்த நீர். அரை மணி ஊறவைத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தில் வைத்து 20 முதல் 30 நிமிடம் விடாமல் கிண்டினால் பால் வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் ஆகும். ஆறியதும் இரு முறை வடிகட்டி, நீர் சேர்த்து மோர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்; புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கிழிசலில் ஒட்ட, ஜப்பான் டிஷ்யூ என்ற நீண்ட நாருள்ள மெல்லிய தாள், 9 முதல் 12 ஜி.எஸ்.எம்., 1 செ.மீ. அகலத்தில். கத்தரியால் வெட்டாமல், ஈரப் பிரஷால் கோடு இழுத்து அந்தக் கோட்டில் கிழித்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு பிடிமானம் தரும். பசையைத் துண்டில் தடவி, அதிகப்படியை ஒற்றி, போஸ்டரின் பின்புறம் கிழிசல் மேல் வைத்து, பாலியெஸ்டர் துணி, பிளாட்டிங் பேப்பர், கண்ணாடி, எடை என்று அடுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். பசை கூடினாலும் எடை வைக்காமல் காயவிட்டாலும் தாள் அந்த இடத்தில் கிண்ணம்போல் குழியும்.

லாமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் உருகி ஒட்டிய பிசினைத் தாள் கெடாமல் பிரிப்பது மிகக் கடினம், உள்ளே அமிலமும் சேர்ந்து பூட்டப்படும். ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிய அடுக்கு, பூஞ்சை, பழைய செலோடேப் கறை மூன்றையும் பயிற்சி பெற்ற காகிதப் பாதுகாவலரிடம் விடுங்கள். யாரை அணுகுவது என்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ கேட்டுப் பார்க்கலாம்.

சென்னைக் காற்றில் வைப்பது

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை; இந்த ஊரில் பாதி ஆண்டு அப்படித்தான். மலிவான ஈரப்பதமானி ஒன்று பீரோவுக்குள் இருக்கட்டும். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற ஏற்ற இறக்கம், சீரான மின்விசிறிக் காற்றைவிட மோசம். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸில் 2, 3 மணி நேரம் சூடேற்றினால் மீண்டும் பயன்படும். அந்துருண்டை தாளைத் தொடக் கூடாது. ஓலைச்சுவடிக்குப் பூசும் புல்தைலத்தைப் போஸ்டரில் பூசினால் எண்ணெய்க் கறைதான் மிஞ்சும்.

75 அல்லது 100 மைக்ரான் பாலியெஸ்டர் உறை, அதன் உள்ளே பின்புறம் காரம் சேர்த்த அமிலமற்ற தாள், படுக்கைவாக்கில். பிவிசி உறை கசிந்து மையில் ஒட்டும். ஃபிரேம் போட்டால் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி, பின்னால் ஹார்ட்போர்டுக்குப் பதில் அமிலமற்ற அட்டை, வெயில் படாத உள்சுவர். ஓரம் அசிங்கமாகத் தெரிந்தால் மவுண்ட் அட்டையால் மறையுங்கள்.

பீரோவைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரைத் தொடாமல் வையுங்கள். 2015 டிசம்பரில் தரைத்தள வீடுகளில் தண்ணீர் ஏறியது இடுப்பளவுக்கு மேல் என்பதால், தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அக்டோபர் பிறந்ததும் மேல்மாடிக்கு மாற்றிவிடுவதே வழி. நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், ஒட்டிக்கொண்டதைப் பிரிக்கவும் வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பாதுகாவலரைத் தேடுங்கள்.