கோழிக்கூட்டுச் செல்லுக்குத் தைலம் அடிக்கும் முறை

போன சித்திரையில் என் கருங்கோழி அடையிலிருந்து 14ஆம் நாளே எழுந்து போய்விட்டது. 11 முட்டையும் வீண். ஏன் எழுந்தது என்று கூடைக்குள் கைவிட்டேன். எடுப்பதற்குள் முழங்கைவரை ஊறல். முட்டை ஓட்டின்மேல் மிளகாய்த்தூள் தூவினதுபோல செல், அதாவது கோழி ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி, ஓடிக்கொண்டிருந்தது. பாவம், அத்தனை நாள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோ!

இந்தச் சிவப்புச் செல் பகலில் கோழிமேல் இருக்காது. கூட்டுச் சட்டம், கழி, மூங்கில் கணு என்று எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே பதுங்கியிருந்து, ராத்திரி ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் இறகை விரித்துப் பார்த்துவிட்டு 'நம்ம கோழிக்கு ஒன்றுமில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். இருட்டி 2 மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் செல் இருக்கிறது. கொண்டை வெளிறுவதும் முட்டை குறைவதும் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும்.

நான் பயன்படுத்துவது நீலகிரித் தைலமும் கிராம்புத் தைலமும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதும் ஒரு சொட்டு நீலகிரித் தைலத்தைக் காகிதத்தில் விட்டு வையுங்கள். மறுநாள் எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. அது செல்லுக்கு உதவாது. ஆவியாகிற வாசம்தான் இடுக்குக்குள் நுழைந்து அதைக் கொல்கிறது.

தைலத்தை நேராகத் தண்ணீரில் ஊற்றாதீர்கள், மேலே மிதக்கும். ஒரு கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு தேக்கரண்டி, நீலகிரித் தைலம் 10 மில்லி, கிராம்புத் தைலம் 5 மில்லி விட்டு, குச்சியால் நன்றாக அடித்துக் குழையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் மோர்போல வெளுக்கும். வெளுத்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி 1 லிட்டராக்குங்கள். தைலம் மேலே பிரிந்து வந்தால் சோப்பு போதவில்லை.

காலையில் கோழியை எல்லாம் வெளியே விட்டு, எச்சத்தைச் சுரண்டி, பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கைத்தெளிப்பானால் இடுக்கு இடுக்காக ஈரம் சொட்டும்வரை அடியுங்கள். தைலம் தீப்பிடிக்கும், அதனால் பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. நன்றாகக் காய்ந்து, நெடி அடங்கிய பிறகு, சாயங்காலம்தான் கோழியை அடைக்க வேண்டும். கோழிமேலோ குஞ்சுமேலோ முட்டைமேலோ ஒரு சொட்டும் படக்கூடாது. முதல் தடவை அவசரத்தில் ஈரம் காய்வதற்குள் அடைத்துவிட்டேன். கண்ணில் நீர் வடிய, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. உடனே கதவைத் திறந்து வெளியே விட்டேன். அந்தக் காட்சி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

ஒரு தடவை அடித்தால் தீராது. தைலம் செல்லின் முட்டையை அவ்வளவாகச் சாகடிக்காது, அதன் வீரியமும் சில நாள்தான். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழுச் செல்லாக 7 முதல் 10 நாள் போதும். அதனால் 5 நாளுக்கு ஒருமுறை, குறைந்தது 3 தடவை அடியுங்கள். கூட்டைச் சும்மா போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று விட்டுவிடவும் வேண்டாம். இரை இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும்.

அடைக்கூடைக்குத் தைலமே வேண்டாம். கூடையை வெயிலில் காயவைத்து, காய்ந்த மணல் பரப்பி, அம்மா வைப்பதுபோல நொச்சித் தழை போட்டு அடை வையுங்கள்.

பகலிலும் இறகடியிலேயே, ஆசனவாயைச் சுற்றி மொய்த்திருந்தால் அது வேறு வகைச் செல். அதற்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள்.

கழிக்கடியில் நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறேன். செல் அதற்குள் போய் ஒளியும். வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, எரித்துவிட்டுப் புதுசு கட்டுகிறேன். தொடர்ந்து 2 வாரம் அட்டை சுத்தமாக வந்த பிறகுதான் தெளிப்பானைக் கழுவி வைத்தேன்.