தண்டுவடத்தை வெட்டிப் பார்த்து, வரைந்து, இயக்க நரம்பணுக்களைக் கண்டறிதல்

புதுச்சேரியில் உடற்கூறியல் பயிலும் முதலாண்டு மாணவர்களுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லித்தருகிறேன். தண்டுவடத்தின் குறுக்குவெட்டை அழகாக வரைந்துவிடுகிறவர்கள்கூட, எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். அது தெளியாமல் இயக்க நரம்பணுவை, அதாவது தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புச் செல்லை, தேடுவது வீண் வேலை.

படி 1: ஆட்டுக்கறிக் கடையில் கழுத்தெலும்பு வாங்கும்போது, முள்ளெலும்பின் துளைக்குள் வெண்ணிற வடம் ஒன்று தெரியும். மஜ்ஜை என்று எண்ணிப் பலர் உறிஞ்சிச் சாப்பிடும் அதுதான் தண்டுவடம். அதை நசுங்காமல் எடுத்துத் தரும்படி கடைக்காரரிடம் சொல்லி வாங்கி, ஃப்ரீசரில் சற்று இறுகவிட்டு, புதிய பிளேடால் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டுங்கள். இறுகாமல் வெட்டினால் கூழாகிவிடும். வெண்பொருளின் நடுவே, மங்கிய சாம்பல் நிறத்தில் பட்டாம்பூச்சி வடிவம் தென்படும். கையுறை அணிந்துகொள்வது நல்லது.

படி 2: ஆடு நான்கு காலில் நிற்பதால், அதன் வயிற்றுப்பக்கமே நமக்கு முன்பக்கம். நடுவில் ஆழமான பிளவு இருக்கும் பக்கம் முன்பக்கம். பின்பக்கத்தில் ஆழமில்லாத வரிப்பள்ளம் மட்டுமே உண்டு. பருத்து, வெளிவிளிம்பை எட்டாமல் நின்றுவிடும் சிறகு முன்கொம்பு. ஒல்லியாக விளிம்பை நோக்கி நீள்வது பின்கொம்பு. இந்த இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் தவறு நேராது.

படி 3: இப்போது மனிதத் தண்டுவடத்தை வரையுங்கள். ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுள்ள அது, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன.

படி 4: இயக்க நரம்பணுக்களை முன்கொம்பில் குறிக்க வேண்டும், ஆனால் கண்ட இடத்தில் புள்ளி வைக்கக் கூடாது, அவற்றுக்கு ஒழுங்கு உண்டு. வைத்திக்குப்பம் கடற்கரையில் கரைவலை இழுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முதுகைத் தாங்கும் தசைகளுக்கான அணுக்கள் கொம்பின் உட்பக்கத்திலும், கைத்தசைகளுக்கானவை வெளிப்பக்கத்திலும் இருக்கும். அந்த வெளிப்பக்கத்திலும், முழங்கையை மடக்கும் தசைக்கான அணுக்கள் சற்றுப் பின்தள்ளியும், நீட்டும் தசைக்கானவை அவற்றுக்கு முன்னும் அமையும். கை, கால்களுக்கு அணுக்கள் மிகுதியாகத் தேவைப்படுவதால்தான் கழுத்திலும் இடுப்புப் பகுதியிலும் தண்டுவடம் பருத்திருக்கிறது. மார்புப் பகுதியில் முன்கொம்பு மெலிந்து, பக்கவாட்டில் சிறு கொம்பு ஒன்று முளைத்திருக்கும். அந்தச் சிறு கொம்பை எலும்புத்தசைகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது, இதயம் போன்ற உள்ளுறுப்புகளை நம் விருப்பமின்றியே இயக்கும் பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது.

படி 5: ஒவ்வோர் அணுவிலிருந்தும் ஒரு ஆக்சானை (அணுவின் நீண்ட இழையை) முன்வேர், அதாவது தண்டுவடத்தின் முன்பக்கம் புறப்படும் நரம்பு வேர், வழியாக வெளியே இழுங்கள். முன்வேர் இயக்கத்துக்கு, பின்வேர் உணர்வுக்கு என்பதை 1822-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜாந்தி நாய்க்குட்டிகளில் சோதித்துக் காட்டினார். பின்வேரில் ஒரு முடிச்சு வரைய மறவாதீர்கள். உணர்வு நரம்பணுக்களின் உடல் அங்கேதான் இருக்கிறது. இரு வேர்களும் இணைந்து நரம்பாகித் தசையை நோக்கிச் செல்கின்றன. பாதத்தசையை எட்டும் ஆக்சான் ஒரு மீட்டர் வரை நீளக்கூடும். அதன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்தால்தான் தசை சுருங்கும்.

வரைந்து முடித்ததும் ஒரு சோதனை: முன்கொம்பை மட்டும் பென்சிலால் அடித்துவிடுங்கள். போலியோ வைரஸ் தாக்குவது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். கால் சூம்பிப்போன நோயாளிக்கு, காலில் ஊசி குத்தினால் வலி தெரிவது ஏன் என்பதற்கான விடையை உங்கள் படத்தில் பின்வேரின் மேல் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.