பழைய மரப்படகைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பைக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். வெர்சோவாவில் படகுகள் கரையேறி நிற்பதைப் பார்த்ததும், பழைய மரப்படகு வாங்கி வைத்திருக்கும் நம்மவர்களும் ‘சரி, நாமும் தொடங்கிவிடலாம்’ என்று எபாக்சி (கெட்டியாக இறுகும் ஒட்டுப்பசை) டப்பாவைத் திறக்கிறார்கள். முதல் தவறு அதுதான். மும்பை மழையில் மரம் காயாது. ஈர மரத்தில் பூசிய எபாக்சி ஒட்டியதுபோல் இருந்துவிட்டு, வெயில் வந்ததும் பெயர்ந்துவிடும். ஈரமானி 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டும்வரை பொறுங்கள். மழைக்காலத்தில் படகைக் காப்பாற்றினாலே போதும். அதற்காகத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். உள்ளே புழுக்கம் தங்கி, மழையே பரவாயில்லை என்றாகிவிடும். இரு முனையிலும் காற்று போக வழி விடுங்கள்.

மரத்தை இற்றுப்போக வைப்பது கடல்நீர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மழைநீரின் வேலை. இற்றுப்போவது பூஞ்சையால், மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டித் தங்கினால் அது வளரும், உப்பு அதைக் கட்டுப்படுத்தும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை மேல்தளத்தின் இணைப்புகள், அறையின் மூலைகள், வங்குக்கால்களின் (படகின் விலா எலும்புபோன்ற சட்டங்களின்) மேல்முனைகள், அணியத்தின் (முன்முனையின்) உட்புறம். நீருக்கடியில் எதிரி வேறு: கப்பல் புழு. வெளியே ஊசித்துளைதான் தெரியும், உள்ளே பலகை முழுக்கச் சுரங்கமாக இருக்கும்.

பெயிண்டை நம்பாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் பலகை நெடுகத் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், இற்ற மரம் மொத்தென்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் நுனியை வைத்து அழுத்தினால், பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் மரம் பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்திருப்பது தெரியும். அந்த மென்மையான பகுதியை மட்டும் சுரண்டிவிட்டுக் கார் பட்டி அடைப்பதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும், மரத்தோடு சேர்ந்து அசையாது. பூஞ்சையோ மரத்தின் ரேகை வழியே நல்ல பகுதிக்குள் ஏற்கெனவே ஓடியிருக்கும். நல்ல மரம் தெரிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டி, புது மரம் சேருங்கள். இரு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒட்டும் சரிவு இணைப்பு பலகையின் தடிமனைப்போல் 8 மடங்காவது நீளம் வேண்டும், 20 மி.மீ. பலகைக்கு 160 மி.மீ. தேக்கானால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிடுங்கள். ஒட்டுப்பலகை போடும் இடத்தில் ஐ.எஸ். 710 (மரைன் பிளைக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ள மரைன் பிளை மட்டும்.

ஆனால் எதைச் செய்வதற்கு முன்பும் தண்ணீர் வந்த வழியை அடைத்துவிடுங்கள். ஒழுகும் மேல்தளத்தின் கீழே போட்ட புதுப் பலகையும் இற்றுத்தான் போகும்.

ஆர்வத்தில் எல்லாப் பலகையையும் ஒரே நாளில் கழற்றுபவர்களும் உண்டு. பிடிப்பு போனால் படகின் வளைவே மாறிவிடும். வலம் ஒன்று, இடம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். கரையில் நின்று காய்ந்த படகில் பலகை இடுக்குகள் விரிந்திருக்கும். அவற்றைக் கெட்டியான பட்டியால் நிரப்பினால், தண்ணீரில் இறங்கி மரம் ஊதும்போது பட்டி இடங்கொடுக்காது, வங்கோ ஆணியோ முறியும். கலப்பத்து அடித்து, அதாவது இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணித்து, மேலே நெகிழும் பூச்சுதான் பூச வேண்டும்.

உலோகச் சாமான்களில் பெரிய ஏமாற்று பித்தளை. வீட்டுக் குழாய்க்கான பித்தளை வால்வைப் படகின் அடிப்பக்கத் துளையில் பொருத்துகிறார்கள். கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது பொருபொருத்த செம்பு. பழைய பித்தளைத் திருகாணியை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அது முடிந்த கதை. அந்த இடத்துக்கு வெண்கலம் அல்லது கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) போடுங்கள். மும்பை தாருக்கானாவின் கப்பல் உடைப்புச் சாமான் கடைகளில் வாங்கினாலும் இதே சோதனையைச் செய்துவிட்டே காசு கொடுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்றால் 304 தரம் அல்ல, 316 தரம். அதையும் நீருக்கடியில் ஈர மரத்துக்குள் புதைக்காதீர்கள், காற்று படாத இடத்தில் அதுவும் அரிக்கும். படகின் அடியில் பொருத்தும் துத்தநாகத் தகடு மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே இருக்கிறது. அதன்மேல் பெயிண்ட் பூசினால் அது வேலை செய்யாது.

அப்புறம், சுழலித் தண்டு (புரொபெல்லர் ஷாஃப்ட்) படகைவிட்டு வெளியேறும் இடத்தில் நீரை அடைக்கும் கிளாண்டில் நீர் சொட்டுகிறதே என்று இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். பழைய வகைத் திரி கிளாண்டில் தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அந்த நீர்தான் தண்டைக் குளிர வைக்கிறது. முற்றிலும் நின்றால் திரி கருகும், தண்டில் பள்ளம் விழும், பிறகு தண்டையே மாற்ற வேண்டிவரும்.