வரைபடத்தின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

நகரம் முழுவதும் கலைவிழா என்றால், வரைபடம் கைக்கு வந்ததும் எல்லாப் புள்ளிகளையும் தொட்டுவிட ஆசை வரும். என் முதல் விழாவில் ஒரே நாளில் பதினான்கு இடங்கள் ஏறி இறங்கினேன். இரவில் நினைவில் நின்றது முழங்கால் வலி மட்டும்தான். இப்போது நாளுக்கு நான்கு இடங்கள். ஐந்தாவது என்ற பேச்சே கிடையாது.

அந்த நான்கில் முதலாவது, வரைபடத்தின் ஓரத்தில் இருப்பது. தொலைவில் உள்ளதை மாலைக்குத் தள்ளினால் அது நடக்கவே நடக்காது. காலையிலேயே போனால் ஏதோ ஒரு பழைய கிடங்கில் தனியாக நின்று பார்க்கலாம். அங்கிருக்கும் தன்னார்வலருக்கும் பேச நேரமிருக்கும். “எது நன்றாக இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், எல்லாமே நன்றாக இருக்கிறது என்பார். “வேலை முடிந்ததும் நீங்கள் எதைப் பார்க்கப் போவீர்கள்?” என்று கேளுங்கள்.

காணொளி ஓடும் இருட்டறைக்குள் நுழையுமுன் வாசலில் எழுதியிருக்கும் நேர அளவைப் பாருங்கள். இத்தாலியின் வெனிஸ் பினாலே கலைவிழாவில் 2011இல் தங்கச் சிங்கம் விருது பெற்ற கிறிஸ்டியன் மார்க்லேயின் ‘கடிகாரம்’ என்ற காணொளி 24 மணி நேரம் ஓடுவது. அதில் இருபது நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் குற்றமில்லை. பத்து நிமிடப் படத்தைப் பாதியில் விட்டு வருவதுதான் அநியாயம். நிகழ்த்துகலைக்கு நாளும் மணியும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்; அதே வெனிஸில் 2019இல் வென்ற லித்துவேனியக் கடற்கரை ஓபெரா என்ற இசை நாடகத்தை வாரத்தில் சில நாட்கள்தான் பாடினார்கள்.

சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் பற்றி எனக்குத் தனி வழக்கே உண்டு. முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். எழுத்து இருக்கும் பக்கம்தான் கண் ஓடும். ஒருமுறை விளக்கம் முழுவதையும் படித்து, இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்த திருப்தியில், படைப்பைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து முதலில் படைப்பு, பிறகு எழுத்து, மறுபடி படைப்பு.

ஆனால் எழுத்தே பாதிப் படைப்பாக இருப்பதும் உண்டு. ஜெர்மனியின் காசெல் நகரில் 1977 டாக்குமென்டா கலைவிழாவுக்காக வால்டர் டி மரியா என்ற கலைஞர் ஒரு கிலோமீட்டர் நீளப் பித்தளைக் கம்பியை நிலத்துக்குள் செங்குத்தாக இறக்கினார். மேலே தெரிவது 5 சென்டிமீட்டர் வட்டம் மட்டும். படிக்காதவர் மிதித்துக்கொண்டு போவார்.

விழாவின் பெரிய அரங்குகளில் வெளியூர்ப் பெயர்கள் நிறைந்திருக்கும். உள்ளூரில் யார் என்ன செய்கிறார்கள் என்று அறிய, அந்த நாட்களில் திறந்துவைக்கும் கலைஞர்களின் ஸ்டுடியோக்களுக்குப் போக வேண்டும். அங்கே “இதற்கு என்ன அர்த்தம்?” என்று தொடங்கினால் முகம் இறுகிவிடும். பொருளைப் பற்றிக் கேளுங்கள். துணியில் துருவால் வரைந்துகொண்டிருந்த ஒருவரிடம், துரு துணியைத் தின்றுவிடாதா என்றேன். அரை மணி நேரம் பேசினார். கிளம்பும்போது என் வரைபடத்தை வாங்கி, அதில் இல்லாத மூன்று நண்பர்களின் இடங்களைப் பென்சிலால் குறித்தார். ஒன்று ஏதோ மாடிப்படிக்கு அடியில் இருப்பதாம். மறுநாளின் நான்கில் அதுதான் முதலாவது.