ரெஃபர் பண்ணியாச்சுன்னு ஃபைல மூடிடாதீங்க

சின்னப் பிள்ளைங்களுக்கு காது ஸ்கிரீனிங் பண்ற ப்ரோக்ராம்ல புதுசா சேர்றவங்க, நாங்க ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்த அச்சு பிசகாம அடிக்கிறத பாத்துட்டே இருக்கேன். காதுக்குள்ள வைக்கிற ப்ரோப் சரியா உக்காரல, ரூம்ல சத்தம், இதெல்லாம் மெஷினே சொல்லிக்குடுத்துடும், விடுங்க. ஸ்கிரீனிங் டீமுக்கும், கேட்கும் திறன முழுசா டெஸ்ட் பண்ற என்ன மாதிரி ஆடியாலஜிஸ்ட்டுக்கும் நடுவுல நடக்குற சொதப்பல் வேற ரகம்.

"காதுல நீர் தான், சரியாயிடும்"

இன்னிக்கும் எனக்கு கடுப்பேத்துறது இது. ஓஏஇங்கற ஸ்கிரீனிங் டெஸ்ட்ல ரெஃபர் வருது, அதாவது பாஸ் ஆகல, மேல பாக்கணும்னு அர்த்தம், ரெண்டு வாரம் கழிச்சு போட்டா மறுபடி ரெஃபர், டாக்டர்கிட்ட அனுப்புறாங்க, அவர் நடுக்காதுல நீர் கோத்திருக்குன்னு மருந்து எழுதுறாரு, இல்லன்னா தானா வத்திடும்னு சொல்றாரு. உடனே காரணம் தெரிஞ்சிடுச்சுன்னு ஃபைல் க்ளோஸ்.

எங்கங்க தெரிஞ்சுது? நாம அனுப்புற சத்தம் நடுக்காத தாண்டி உள்காதுக்கு போகணும், அங்க இருக்குற முடி செல்கள் குடுக்குற எதிரொலி அதே வழியா திரும்பி வரணும், அதான் ஓஏஇ. நடுவுல நீர் நின்னா போறதும் அடைபடும் வர்றதும் அடைபடும், உள்காது எப்படி இருக்குன்னு அந்த ரிசல்ட்ட வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. நீர் வத்தினப்புறம் திரும்ப போட்டே ஆகணும், அப்பவும் ரெஃபர்னா நேரா ஆடியாலஜிஸ்ட்.

ரெண்டு வயசு தாண்டியும் பேச்சு வரலன்னு ஒரு பாப்பாவ என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு பக்கமும் உள்காதுல பிரச்சனை. பழைய ஃபைல வாங்கி பாத்தா கைக்குழந்தையா இருக்கும்போதே ரெஃபர் வந்திருக்கு, கீழ "நீர், சிகிச்சை முடிந்தது"ன்னு அழகான கையெழுத்து, மறு டெஸ்ட் தேதி போட வேண்டிய கட்டம் மட்டும் காலி. டாக்டர் என்கிட்ட அனுப்பிருப்பார்னு ப்ரோக்ராம் ஆளுங்க நினைச்சாங்க, ப்ரோக்ராம்ல திரும்ப பாப்பாங்கன்னு டாக்டர் நினைச்சாரு, எனக்கோ அப்படி ஒரு பாப்பா இருக்குறதே தெரியாது. 1 மாசத்துல ஸ்கிரீனிங், 3 மாசத்துக்குள்ள முழு டெஸ்ட், 6 மாசத்துக்குள்ள சிகிச்சை, பயிற்சி ஆரம்பம்னு 1-3-6 கணக்க எல்லாரும் மனப்பாடமா ஒப்பிப்போம், ஆனா இந்தப் பிள்ளைக்கு மொழி பிடிபட வேண்டிய காலம் ஒரு காலி கட்டத்துல போச்சு.

அதனால ஒவ்வொரு ரெஃபருக்கும் டீம்ல ஒருத்தர் பேரு, ஒரு தேதி. மறு டெஸ்ட்ல பாஸ், இல்ல ஆடியாலஜிஸ்ட் ரிப்போர்ட், ரெண்டுல ஒண்ணு கைக்கு வராம அந்த ஆள் ஃபைல மூடக்கூடாது.

ரிப்போர்ட் கேட்டு சண்டை போடுறது

பெத்தவங்க கையெழுத்து இல்லாம நான் ரிசல்ட்ட உங்களுக்கு அனுப்ப முடியாது. அனுப்பும்போதே வாங்கிடுங்க.

எந்த ஆடியாலஜிஸ்ட்டா இருந்தா என்ன

பெரியவங்களுக்கு ஹியரிங் எய்டு மாட்டுற கிளினிக்ல எட்டு மாசக் குழந்தைய சோதிக்க வசதி இருக்கும்னு நம்பாதீங்க. முதல்லயே போன் போட்டு கேளுங்க. சின்னக் கைக்குழந்தைன்னா பெரா டெஸ்ட், சத்தம் காது நரம்பு வழியா சரியா போகுதான்னு பாக்குறது, அதுக்கு தூங்கணும், வர்ற வழியிலயே தூங்க விட்டுட்டா இங்க வந்து முழிச்சிட்டு சிரிக்கும். ஆறு மாசத்துக்கு மேல சத்தம் வந்த பக்கம் திரும்பினா பொம்மை மின்னுற டெஸ்ட், அதுக்கு நல்லா முழிச்சிருக்கணும். இத அம்மாகிட்ட மாத்தி சொல்லி அனுப்புற டீம்ங்க இருக்கு, ஒரு அப்பாயின்ட்மென்ட் வேஸ்ட், அடுத்தது கிடைக்க எவ்ளோ நாளாகுமோ.

பாஸ் வர்ற வரைக்கும் போட்டுட்டே இருக்குறது

கூடாது. குருட்டு அதிர்ஷ்டத்துல ஒரு தடவ பாஸ் வந்துரும்.

ஒரு காது பாஸ்

பாஸ் இல்ல.

"பொறந்தப்பவே பாஸ்ங்க"

சிஎம்விங்கற வைரஸ் தொற்றோட பொறந்த குழந்தைக்கு கேட்கும் திறன் அப்புறமா குறையலாம், மூளைக்காய்ச்சலுக்கு அப்புறமும் போகலாம். இன்னொரு வகையில உள்காது செல்கள் நல்லாருக்கும், நரம்பு வழியா தகவல் சரியா போகாது, அதுல ஓஏஇ ஜோரா பாஸ் ஆகும், பெராவுல தான் மாட்டும். அதனால கூப்பிட்டா திரும்பலன்னு அம்மா சொன்னா, மெஷின் என்ன காட்டுனாலும் அனுப்பி விடுங்க, நான் பாத்துக்குறேன்.